விழுந்தது இடது வளைவில், தொலைந்தது வலது வளைவு: மார்க் மார்க்கெஸ், 2020 முதல் 2025 வரை

பைக்கில் விழுந்து எழுந்தவரிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “உடனே மறுபடி ஏறி ஓட்டிடு, இல்லேன்னா பயம் உள்ளே உட்கார்ந்துடும்.” நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் விபத்துக்குப் பிறகு வளைவில் வண்டியைச் சாய்க்க முடியாமல் போவதற்குப் பயம் மட்டும்தான் காரணம் என்று அவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரங்களில் அது உண்மையில்லை. உடம்பில் ஏதோ ஒன்று சரியாக இருக்காது, அல்லது வண்டியில் இருக்காது. நமக்குத் தெரிவதற்கு முன்பே மனசுக்கு அது தெரிந்துவிடுகிறது. நாம் அதற்குப் பயம் என்று பேர் வைத்து அதட்டி அடக்கப் பார்க்கிறோம்.

இதை விளக்க மார்க் மார்க்கெஸை எடுத்துக்கொள்கிறேன். ஸ்பெயினின் செர்வேரா ஊர்க்காரர், மோட்டோஜிபி என்ற உலக பைக் பந்தயத் தொடரில் ஓட்டுபவர். மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் ஓட்டும் ஒருவரின் கதை, வால்பாறைக்குப் போய்வரும் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அவர் விழுந்ததும் எழுந்ததும் எல்லாம் பதிவாகியிருக்கிறது என்பதுதான் காரணம். எந்தத் தடம், எந்த வளைவு, இடதா வலதா, கையின் நிலை என்ன என்று தேதி போட்டுச் சொல்லிவிடலாம். நம்பிக்கை எந்த வரிசையில் திரும்பி வருகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இன்னொரு வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

விபத்துக்கு முன்

2019-இல் மோட்டோஜிபி பந்தயங்கள் 19. அதில் 12-இல் வென்றார், ஆறில் இரண்டாம் இடம். மிச்சமிருந்த ஒன்றில், அமெரிக்காவின் ஆஸ்டினில், முன்னணியில் போகும்போது விழுந்தார். மொத்தம் 420 புள்ளிகள், மோட்டோஜிபியில் ஆறாவது பட்டம்.

அவர் வளைவெடுத்த விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். சாதாரணமாக நமக்குச் சொல்லித் தருவது, நேராக இருக்கும்போதே பிரேக் அடித்து முடி, அப்புறம் சாய் என்பது. பந்தய ஓட்டுநர்கள் முன் பிரேக்கைப் பிடித்தபடியே சாய ஆரம்பித்து, சாய்வு கூடக் கூட லீவரை இம்மி இம்மியாக விடுவார்கள். டிரெயில் பிரேக்கிங் என்பது இதுதான். பிரேக்கால் எடை முன் டயருக்கு வருகிறது, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்குகிறது, வண்டி சட்டென்று திரும்புகிறது. மார்க்கெஸ் இதை எல்லையைத் தாண்டியும் செய்வார். 60 டிகிரிக்கு மேல் சாய்ந்த நிலையில் முன் டயர் வழுக்கும். முழங்காலையும் முழங்கையையும் தரையில் ஊன்றி வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். மற்றவர்கள் விழுந்திருக்கக்கூடிய இடங்கள் அவை.

இந்த வித்தை முழுக்க வலது கையில் இருக்கிறது. முன் பிரேக் லீவர் அங்கேதான், ஆக்ஸிலரேட்டரும் அங்கேதான். டயர் என்ன சொல்கிறது என்பது ஹேண்டில் வழியாகக் கைக்கு வருகிறது. எவ்வளவு பிரேக், எவ்வளவு ஆக்ஸிலரேட்டர் என்ற பதிலும் அதே கையிலிருந்து போகிறது.

ஹெரெஸ்

கொரோனாவால் தள்ளிப்போன 2020 சீசனின் முதல் பந்தயம், ஜூலை 19, ஸ்பெயினின் ஹெரெஸ் தடம். ஆரம்பச் சுற்றுகளிலேயே நான்காவது வளைவில் தடம் விட்டு வெளியே போய், 16-ஆவது இடத்துக்குத் தள்ளப்பட்டார். அங்கிருந்து ஒவ்வொருவராகத் தாண்டி மூன்றாம் இடத்துக்கு வந்து, இரண்டாம் இடத்தைத் துரத்திக்கொண்டிருந்தார். சில சுற்றுகளே மீதமிருக்கும்போது மூன்றாவது வளைவில் ஹைசைட்.

ஹைசைட் என்றால், சாய்ந்து போகும்போது பின் டயர் வழுக்கிப் பக்கவாட்டில் போய், திடீரென்று மறுபடி பிடித்துக்கொள்வது. அந்த நொடியில் வண்டி விருட்டென்று நிமிர்ந்து ஓட்டுபவரை மேலே தூக்கி எறியும். முன் டயர் வழுக்கித் தரையோடு சறுக்கிப் போவது லோசைட். அதில் பெரும்பாலும் சிராய்ப்போடு தப்பிக்கலாம். ஹைசைட்டில் எலும்புதான் போகும். மார்க்கெஸ் விழுந்து உருண்டபோது வண்டியின் சக்கரம் வலது மேற்கையில் அடித்தது. தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட எலும்பு உடைந்தது.

மூன்றாவது வளைவு இடது வளைவு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 21-இல் பார்சிலோனாவில் அறுவை சிகிச்சை, டைட்டானியம் தகடு வைத்தார்கள். நான்கே நாளில், ஜூலை 25 சனிக்கிழமை, அதே ஹெரெஸில் அடுத்த பந்தயத்துக்கான பயிற்சியில் ஏறி ஓட்டினார். தகுதிச் சுற்றில் முடியாமல் விலகிவிட்டார். ஆகஸ்ட் 3-இல் இரண்டாவது அறுவை: வீட்டில் ஜன்னல் கதவைத் திறக்கும்போது, ஏற்கனவே அழுத்தம் தாங்கித் தாங்கி நொந்திருந்த தகடு உடைந்துவிட்டது. எலும்பு கூடவே இல்லை. டிசம்பரில் மூன்றாவது அறுவை, எட்டு மணி நேரம். இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து ஒட்டினார்கள். உள்ளே கிருமித்தொற்று இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. அந்த சீசன் முழுக்கப் போயிற்று.

அந்த நான்கு நாள் கதையை வீரக்கதையாகப் பின்னணி இசை போட்டுக் காட்டும் வீடியோக்கள் இன்றும் சுற்றுகின்றன. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. “உடனே ஏறி ஓட்டு” என்ற அறிவுரையை உலகத்திலேயே மிக உயர்ந்த திறமையோடும் துணிச்சலோடும் நிறைவேற்றியவர் அவர்தான். அவர் கொடுத்த விலை பல ஆண்டுகள். அந்த முடிவு தவறு என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

இடது வந்தது, வலது வரவில்லை

2021 மார்ச்சில் முதலில் ஒரு சின்ன மினி பைக்கில் உட்கார்ந்தார். அப்புறம் தன் அணியான ஹோண்டாவின் சாலை உரிமம் பெற்ற ஆர்.சி.213.வி-எஸ் வண்டியைத் தடத்தில் ஓட்டிப் பார்த்தார். கத்தாரில் நடந்த முதல் இரண்டு பந்தயங்களுக்கு மருத்துவர்கள் அனுமதி தரவில்லை; இந்த முறை கேட்டுக்கொண்டார். ஏப்ரல் 18, போர்ச்சுகலின் போர்ட்டிமாவோவில் ஒன்பது மாதத்துக்குப் பிறகு முதல் பந்தயம். ஏழாம் இடம். வண்டியை நிறுத்திவிட்டு கேரேஜில் உட்கார்ந்து அழுதார்.

அடுத்தடுத்து லே மான், முஜெல்லோ, பார்சிலோனா என்று மூன்று பந்தயங்களில் விழுந்தார். ஆள் முடிந்துவிட்டார் என்ற பேச்சு ஆரம்பித்தது. உடனே ஜூன் 20-இல் ஜெர்மனியின் சாக்சன்ரிங்கில் வென்றார், 581 நாளுக்குப் பிறகு.

மூன்று முறை தொடர்ந்து விழுந்தவர் இரண்டு வாரத்தில் எப்படி ஜெயித்தார்? திடீரென்று தைரியம் வந்ததா? தடத்தின் வரைபடத்தைப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். சாக்சன்ரிங்கில் 13 வளைவுகள். 10 இடது, 3 மட்டுமே வலது. அவருக்குப் பிடித்த தடம் என்பதும் உண்மை: 2010 முதல் 2019 வரை எந்த வகுப்பில் ஓட்டினாலும் அங்கே ஒவ்வொரு ஆண்டும் வென்றவர். ஆனால் அந்த ஆண்டின் இரண்டாவது வெற்றி எங்கே என்று பாருங்கள். அக்டோபரில் ஆஸ்டின். அதுவும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஓடும், இடது வளைவுகள் அதிகமான தடம். மூன்றாவதாக மிசானோவில், வலது அதிகமுள்ள தடத்தில், ஜெயித்தார்; அங்கே முன்னால் போன பன்யாயா விழுந்ததால் கிடைத்த வெற்றி அது.

இடது வளைவில் விழுந்தவர், இடது வளைவில் பழைய மார்க்கெஸாகவே இருந்தார். வலது வளைவில் மட்டும் இல்லை. விபத்தின் நினைவுதான் அவரைத் தடுத்தது என்றால் நேர்மாறாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

வலது வளைவில் வலது கை என்ன செய்கிறது என்று யோசித்தால் புரியும். உடம்பு வலது பக்கம் இறங்கித் தொங்குகிறது. வலது முழங்கை மடிந்து தரையை நோக்கிப் போகிறது. அந்த மடிந்த நிலையிலேயே மணிக்கட்டு ஆக்ஸிலரேட்டரைத் திருக வேண்டும், விரல் பிரேக் லீவரை நூல் பிடித்த மாதிரி விட வேண்டும், உள்ளங்கை வலது ஹேண்டிலை முன்னால் தள்ளி வண்டியைச் சாய்க்க வேண்டும். முன் டயர் வழுக்கினால் அதே முழங்கைதான் தரையில் ஊன்ற வேண்டும். இடது வளைவில் அதே கை வெளிப்பக்கக் கை. டேங்கின் மேலாக ஓரளவு நீண்டு கிடக்கும். தோள் அவ்வளவு திரும்ப வேண்டியதில்லை.

அவருடைய மேற்கை எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. 30 டிகிரிக்கும் மேல் திருகிப் போயிருந்தது. முழங்கை இருக்க வேண்டிய இடத்துக்கு வரவே வராது. தோளைத் தூக்கி, உடம்பை வளைத்து ஏதோ சமாளித்து ஓட்டிக்கொண்டிருந்தார். வலி வேறு. அவர் வலது வளைவில் தயங்கியதற்குப் பயம் என்று பேர் வைத்தவர்கள், அந்தத் தயக்கம் சொன்ன செய்தியைக் கேட்கவில்லை. கை வராத இடத்தில் மனம் போக மறுத்தது. மறுத்தது சரிதான்.

கண்

2021 அக்டோபர் கடைசியில் பயிற்சியின்போது விழுந்து தலையில் அடி. பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. 2011-இல் மலேசியாவின் செபாங்கில், மோட்டோஜிபிக்கு அடுத்த கீழ் வகுப்பான மோட்டோ2-இல் ஓட்டிய காலத்தில், விழுந்தபோது பாதித்த அதே கண் நரம்பு. 2022 மார்ச்சில் இந்தோனேசியாவின் மண்டலிகாவில் காலைப் பயிற்சியில் பயங்கரமான ஒரு ஹைசைட், மறுபடியும் இரட்டைப் பார்வை.

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வளைவெடுப்பது பாதிக்கு மேல் கண் வேலை. வளைவு முடியும் இடத்தைப் பார்த்தால்தான் கை அதற்கேற்பத் திரும்பும். இரண்டு வளைவுகள் தெரிபவரிடம் மன உறுதி எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. இந்த முறை காத்திருந்தார். மருத்துவர்கள் சொன்ன பிறகே ஏறினார்.

நான்காவது அறுவை

2022 மே, முஜெல்லோ. அந்தப் பந்தய வாரத்தின்போதே அறிவித்தார்: நான்காவது முறை அறுவை சிகிச்சைக்குப் போகிறேன். ஜூன் 2-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள மேயோ கிளினிக்கில், கூடியிருந்த எலும்பை வேண்டுமென்றே வெட்டி, திருகிப் போனதைத் திருப்பி வைத்துத் தகடு பொருத்தினார்கள்.

என் கணக்கில் இந்த ஆறு ஆண்டில் மிகத் துணிச்சலான முடிவு இதுதான். நான்கு நாளில் வண்டி ஏறியதைவிட இதற்குத்தான் அதிக தைரியம் வேண்டும். கை ஏற்கனவே கூடிவிட்டது, ஓட்ட முடிகிறது, மூன்று பந்தயம் ஜெயித்தும் ஆயிற்று. அதை மறுபடி உடைக்க வேண்டுமென்றால், “என் பிரச்சினை மனசில் இல்லை, எலும்பில் இருக்கிறது” என்று தன்னைத் தானே நம்ப வேண்டும்.

ஆகஸ்டில் ஆஸ்திரியப் பந்தயத்துக்கு ஓட்டாமல் வெறுமனே வந்து பொறியாளர்களோடு பேசினார். அப்புறம் 600 சிசி வண்டியில் பயிற்சி, அப்புறம் மிசானோவில் சோதனை ஓட்டம், செப்டம்பரில் பந்தயம். செப்டம்பர் 25-இல் ஜப்பானின் மோட்டெகி. அது கடிகாரத் திசையில் ஓடும் தடம். வேகமாக வந்து ஓங்கி பிரேக் அடிக்க வேண்டிய வளைவுகளுக்குப் பேர் போனது. வலது கையைப் பிழிந்தெடுக்கும். மழையில் நடந்த தகுதிச் சுற்றில் முதலிடம். காய்ந்த தடத்தில் நடந்த பந்தயத்தில் நான்காம் இடம். முஜெல்லோவுக்குப் பிறகு அவர் முழுதாக ஓட்டி முடித்த முதல் பந்தயம் அது. மூன்று வாரம் கழித்து ஆஸ்திரேலியாவில் இரண்டாம் இடம்.

எலும்பு திரும்பியதும் நம்பிக்கை தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

கை சரி, வண்டி சரியில்லை

கதை இங்கே முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். 2023-இல் வேறொரு பக்கம் திறந்தது. ஹோண்டா வண்டி போட்டியாளர்களைவிட மிகவும் பின்தங்கியிருந்தது. முன் டயர் எப்போது விடும் என்று சொல்லாமல் விடும், பின் டயரில் பிடிப்பு இல்லை. அவருக்குச் சொந்த வீடு மாதிரி இருந்த சாக்சன்ரிங்கிலேயே, ஒரே வார இறுதியில் ஐந்து முறை விழுந்தார். இறக்கத்தில் இருக்கும் பதினோராவது வளைவு, வலது வளைவு, அங்கே ரொம்பப் பிரசித்தம். தொடர்ந்து இடது வளைவுகளே வருவதால் டயரின் வலது பக்கம் ஆறிப் போயிருக்கும். அந்த நிலையில் சட்டென்று வலதுக்குச் சாய வேண்டும். அந்த வார இறுதியில் ஒரு முறை விழப்போய்ச் சமாளித்தவர், ஓடிக்கொண்டிருக்கும்போதே தன் வண்டியைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். ஞாயிறு காலை இன்னொரு ஹைசைட். பந்தயத்திலிருந்து விலகினார்.

அந்தச் செப்டம்பரில் இந்தியாவுக்கு மோட்டோஜிபி வந்தபோது, நொய்டா பக்கம் உள்ள புத்த் தடத்தில் சனிக்கிழமை குறும்பந்தயத்தில் மூன்றாம் இடம் பிடித்தார். மறுநாள் விழுந்து எழுந்து ஒன்பதாவதாக வந்தார். அந்த ஆண்டு அவர் ஓட்டியது எல்லாம் அப்படித்தான்: ஒரு நாள் மேலே, மறுநாள் கீழே.

முன் டயரை நம்பாமல் போனது இங்கே மனக்கோளாறு இல்லை; வண்டியைப் பற்றிய சரியான தகவல். அதையும் அவர் அதட்டி அடக்கவில்லை. ஒப்பந்தத்தில் ஓராண்டு மீதமிருக்க, 11 சீசன் ஓட்டிய ஹோண்டாவை விட்டு, கிரெசினி அணிக்குப் போனார். முந்தைய ஆண்டு மாடல் டுகாட்டி கிடைக்கும் துணை அணி அது. 2023 நவம்பர் 28, வலென்சியா சோதனை ஓட்டத்தில் டுகாட்டியில் முதல் முறை ஓட்டிவிட்டுத் திரும்பி ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகத்தில் இருந்த சிரிப்பைக் கேமராக்கள் பிடித்துவிட்டன. ஒப்பந்தப்படி அவர் பேட்டி கொடுக்கக் கூடாது. கொடுக்கவும் தேவைப்படவில்லை.

ஆனால் வெற்றி உடனே வரவில்லை, அதுதான் கவனிக்க வேண்டியது. கையும் சரி, வண்டியும் சரி. இப்போது மிச்சமிருந்தது பழக்கம். முன் டயரில் எல்லாச் சுமையையும் ஏற்றி வளைவெடுக்கும் ஹோண்டாப் பழக்கம் கையில் ஊறியிருந்தது. டுகாட்டியில் ஓட்டுபவர்கள் எல்லோருடைய பதிவுகளையும் எல்லோரும் பார்க்கலாம். தன்னைவிட வேகமாக ஒரு வளைவை எடுத்தவர் எங்கே பிரேக்கை விட்டார், எங்கே ஆக்ஸிலரேட்டரைத் திறந்தார் என்று கோடு கோடாகப் பார்த்துக் கற்கலாம். கீழ் வகுப்புகளையும் சேர்த்து அப்போதே எட்டு உலகப் பட்டம் வாங்கியவர் மாணவனாக உட்கார்ந்து கற்றார்.

2024 ஏப்ரல் 28, ஹெரெஸ். கை உடைந்த அதே தடத்தில் பன்யாயாவோடு உரசிக்கொண்டு ஓட்டி இரண்டாம் இடம். செப்டம்பர் 1, அரகோன்: 1,043 நாளுக்குப் பிறகு வெற்றி. அதுவும் இடது அதிகமுள்ள தடம்தான். ஆனால் அடுத்த வாரமே மிசானோவில், வலது அதிகமுள்ள தடத்தில், ஒன்பதாவது இடத்திலிருந்து கிளம்பி ஜெயித்தார். 2025-இல் டுகாட்டியின் பிரதான அணியில் 11 பந்தய வெற்றிகள். செப்டம்பர் 28-இல் மோட்டெகியில் ஏழாவது மோட்டோஜிபி பட்டம்.

வலது கை பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். பட்டம் வென்றது பழைய மார்க்கெஸ் இல்லை. இருக்கும் கையை வைத்துக்கொண்டு எப்படி ஓட்டுவது என்று கற்றுக்கொண்ட வேறொருவர்.

ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 5, மண்டலிகாவில் பின்னால் வந்த பெட்செக்கி மோதியதில் விழுந்து வலது தோளில் அடி. எலும்பு முறிவு, தசைநார்க் காயம், அறுவை சிகிச்சை. சீசனில் மீதமிருந்த நான்கு பந்தயங்களுக்கும் அவர் வரவில்லை. பட்டம் கையில் இருந்ததால் எளிதாக இருந்தது என்று சொல்லலாம். 2020-இல் அவர் அவசரப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு, இது பட்டத்தால் மட்டும் வந்த பொறுமை இல்லை என்பது தெரியும்.

சாலையில் ஓட்டும் நமக்கு

மோட்டோஜிபி தடத்தில் எதிரே பேருந்து வராது, மணல் கொட்டிக் கிடக்காது, விழுந்தால் சறுக்கிப் போக இடம் இருக்கும். சாய்வையும் வேகத்தையும் அங்கிருந்து சாலைக்கு எடுத்து வரக் கூடாது. வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: முதலில் உடம்பு, அடுத்து வண்டி, அதற்கு அடுத்து பழக்கம். பயத்தைப் பற்றி இந்த மூன்றும் முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

உடம்பு என்றால் கட்டுப் பிரித்தாயிற்றா என்பது மட்டுமில்லை. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஏறி உட்காருங்கள். ஹேண்டிலை இடது கடைசி வரை திருப்புங்கள், வலது கடைசி வரை திருப்புங்கள். தோளோ மணிக்கட்டோ ஒரு பக்கத்தில் மட்டும் இழுக்கிறதா? இடுப்பு அசையாமல் தலையை மட்டும் இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவில் தோளுக்கு மேலாகத் திரும்பி மேலே போகும் சாலையைப் பார்க்க வேண்டும். விபத்தில் கழுத்து லேசாகப் பிடித்துக்கொண்டு, வலது பக்கம் முழுசாகத் திரும்பாத ஒருவருக்கு வலது கொண்டை ஊசி மட்டும் நடுக்கம் தரும். அவர் அதைப் பயம் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். அவருக்கு வேண்டியது பிசியோதெரபி. சில வாரத்தில் சரியாகிவிடக்கூடிய ஒன்றுக்காகப் பலர் வண்டியையே விற்றுவிடுகிறார்கள்.

அடுத்து வண்டி. விழுந்த வண்டிக்கு இண்டிகேட்டர், கண்ணாடி, லீவர் மாற்றி, பெயிண்ட் தொட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஹேண்டில்பார் நூலளவு வளைந்திருப்பது, ஃபோர்க் கிளாம்புக்குள் திருகிக்கொண்டிருப்பது, கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங்) அடிவாங்கியிருப்பது, முன் சக்கரம் கோட்டம் விட்டிருப்பது எல்லாம் வெளியே தெரியாது. நேர்ச் சாலையில் ஓட்டிப் பார்த்தால் “லேசா ஒரு பக்கம் இழுக்குது” என்பதோடு போய்விடும். வளைவில்தான் வண்டி ஒரு பக்கம் எளிதாகச் சாயும், மறு பக்கம் அடம்பிடிக்கும். அந்த நிலையில் தயங்காமல் சாய்ப்பது ஆபத்து. விபத்துக்குப் பிறகு கோன் செட், ஃபோர்க், சக்கரம் மூன்றையும் கழற்றிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முன் டயருக்கு வயதாகியிருந்தால் தயங்காமல் மாற்றுங்கள்.

இவை இரண்டும் சரி என்று ஆன பிறகு வருவதுதான் பழக்கம். அமெரிக்கப் பயிற்சியாளர் கீத் கோட் உயிர் தப்பும் எதிர்வினைகள் என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்: ஆபத்து என்று தோன்றியதும் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மூடுவது, ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பது, பார்வை குறுகி ஒரே பொருளில் நிலைத்துவிடுவது, அந்தப் பொருளை நோக்கியே வண்டி போவது. எல்லாமே உடம்பு நம்மைக் காப்பாற்ற நினைத்துச் செய்வது. வளைவில் எல்லாமே நம்மை வெளியே தள்ளுவது. கை இறுகினால், ஹேண்டிலைத் தள்ளிச் சாய்க்க முடியாது. நடு வளைவில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மூடினால் எடை முன்னால் பாய்ந்து வண்டி நிலைகுலையும். பாறையைப் பார்த்தால் பாறைக்கே போகும். ஒரு முறை விழுந்தவருக்கு இந்த எதிர்வினைகள் முன்பைவிடச் சீக்கிரம், முன்பைவிடக் குறைந்த வேகத்திலேயே கிளம்பும். கோட் நிறுவிய கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் பல ஆண்டுகளாகப் பயிற்சி நடத்தியிருக்கிறது. எதிரே வண்டி வராத இடத்தில், ஒரு நேரத்தில் ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துத் திருத்துவது அங்கே முறை.

அதற்கு வசதியில்லாதவருக்குக் காலியான ஒரு மைதானம் போதும். பெரிய வட்டம் போடுங்கள், இரண்டாவது கியரில், ஆக்ஸிலரேட்டரை ஆடாமல் ஒரே நிலையில் வைத்து. இடது பக்கமாகச் சில சுற்று, வலது பக்கமாகச் சில சுற்று. எந்தப் பக்கம் வட்டம் பெரிதாகிப் போகிறது, எந்தப் பக்கம் தோள் இறுகுகிறது என்று கவனியுங்கள். பலருக்கு ஒரு பக்கம் நன்றாகவே வரும். மார்க்கெஸுக்கு சாக்சன்ரிங் இருந்தது போல நல்ல பக்கம் என்று ஒன்று இருக்கும். அந்தப் பக்கத்தில் நிறைய ஓட்டுங்கள். ஓட்டத் தெரியும் என்பது மனசுக்கு அங்கே நினைவு வரும். கெட்ட பக்கத்தில் வேகத்தைக் குறைத்து, வட்டத்தைப் பெரிதாக்கி, தோள் இறுகாத அளவில் மட்டும் செய்யுங்கள். இறுகிப்போன கையோடு திரும்பத் திரும்ப ஓட்டினால் அந்த இறுக்கம்தான் பழக்கமாகும்.

சாலைக்கு வந்த பிறகு கொஞ்ச நாளைக்குப் பிரேக்கை நேராக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். உள்ளே மெதுவாகப் போய், வளைவு திறக்கும்போது ஆக்ஸிலரேட்டரைத் திறந்து வெளியே வாருங்கள். நம் சாலையில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். மலையில் இடது கொண்டை ஊசி இறுக்கமாக இருக்கும், அகலமாகப் போனால் எதிரே வருபவரின் பாதைக்குள் போய்விடுவோம். வலது வளைவு அகலம். ஆனால் சாய்ந்து உள்ளே வெட்டினால் தலை நடுக்கோட்டைத் தாண்டி நிற்கும், அங்கே பேருந்தின் மூக்கு வரும். இரண்டுக்கும் பயப்பட நியாயமான காரணம் இருக்கிறது, காரணம் வேறு வேறு. கூட்டமாக மலையேறும் குழுவோடு போகாதீர்கள். முன்னால் போகிறவனின் வேகம் நம் வேகமாகிவிடும்.

விழுந்த வளைவுக்கு முதலில் போய் நிற்கச் சொல்வார்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள். போவதென்றால் வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போய்ப் பாருங்கள். மேலேயிருந்து ஓடி வரும் மணலா, டீசல் சிந்திய இடமா, வெளிப்பக்கம் சரிந்த சாலையா, போகப் போக இறுகும் வளைவா? காரணம் கண்ணில் பட்டால் பயம் பாதி குறையும், ஏனென்றால் அதே காரணத்தை அடுத்த மலையிலும் அடையாளம் காணத் தெரிந்துவிடும். வேறு காரணமே இல்லை, நாம்தான் வேகமாக வந்தோம் என்று தெரிந்தால் அதுவும் நல்ல செய்தி. வேகம் நம் கையில் இருக்கிறது.

இத்தனையும் செய்து, கையும் வண்டியும் பழக்கமும் சரி என்று ஆன பிறகும், ஹெல்மெட்டை எடுத்தாலே நெஞ்சு படபடக்கிறது, தூக்கத்தில் விபத்துக் காட்சி வருகிறது, அந்தச் சாலைப் பக்கமே போக முடியவில்லை என்றால், அது வளைவெடுக்கும் பயிற்சியால் சரியாவது இல்லை. அதிர்ச்சிக்குப் பிறகு வரும் இந்த நிலைக்கு மருத்துவம் இருக்கிறது, பலன் தருகிறது. எலும்பு மருத்துவரிடம் போனது போலவே மனநல மருத்துவரிடமும் போகலாம். வண்டி அதுவரை கேரேஜில் நிற்கட்டும். பேட்டரியை மட்டும் கழற்றி வையுங்கள்.